தட்டில் வைத்த ஒப்பந்தம்

என் மகனின் நிச்சயதார்த்தத் தட்டில், லக்னப் பத்திரிகை இருக்க வேண்டிய இடத்தில், வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தை வைத்தது நான்தான். என் கையாலேயே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்தேன். சொந்தக்காரர்கள் இதை இப்போது ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பெண் வீட்டார் வேண்டுமென்றே மாற்றி வைத்தார்கள் என்கிறார் ஒருவர். புருஷன் இல்லாதவள் மஞ்சளைத் தொட்டதால் வந்த வினை என்கிறாள் என் அண்ணி. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து வேகம் கிடையாது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஓடினால் அதிகம். அவசரம் யாருக்கு?

இருபத்தாறு வருஷமாக ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறேன். பாத்திரம் கழுவப் போனவள், சீர்த்தட்டு அடுக்குகிறவளாக ஆனேன். ஒன்பதா பதினொன்றா, எந்தத் தட்டு முன்னே போக வேண்டும், புடவைத் தட்டின்மேல் பூவை எந்தப் பக்கம் சரித்து வைக்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆரம்பத்தில், பொட்டில்லாதவள் தட்டைத் தொடலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அடுக்கியதைப் பார்த்த பிறகு அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது. பெரிய பெரிய வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவை சரசரக்க என்னைத் தேடி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறுவார்கள்.

ஒரே ஒரு குறை. நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. பஸ் போர்டு படிப்பேன். பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன், இதையும் அப்படி எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முழுக்க எழுத்தாக நிரம்பியிருந்தால் கண் வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். இது மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

கணவர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர். அவர் போனபோது மகனுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு யார் வாசலிலும் போய் நின்றதில்லை. மகனைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தேன். துவாக்குடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். கல்யாணம் மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தேழு வயதாகிவிட்டது.

அப்போதுதான் பாலக்கரையிலிருந்து இந்தப் பெண்ணின் ஜாதகம் வந்தது. ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. வயது முப்பத்து நாலு. ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து, பதினாலு மாதத்தில் முறிந்துபோனது. அந்த வீட்டில் அவளுடைய ஏடிஎம் கார்டை மாமனார் வாங்கி வைத்துக்கொண்டு, காலையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு எடுத்துக் கொடுப்பாராம். தகப்பன் இல்லை. முட்டி தேய்ந்து போன தாயார் ஒருத்தி மட்டும்தான். இரண்டாங்கல்யாணமா என்று சொந்தத்தில் முகம் சுளித்தார்கள். என் மகன் தலையில் எத்தனை முடி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள் என்று நான்தான் அவர்கள் வாயை அடைத்தேன். பெண்ணிடம் ஒரு குண்டுமணிகூட நகை கேட்கவில்லை. இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டேன். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திருவெறும்பூர் பக்கம் மகன் ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தான். இரண்டு படுக்கையறை. கல்யாணம் முடிந்ததும் நான் அங்கே போய்விடுவதாக இருந்தேன். அவன் வா என்று சொன்னானா என்று கேட்டால், சொல்லவில்லை. மகன் வீட்டுக்குப் போக மகன் அழைக்க வேண்டுமா என்ன. அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரரிடம், அடுத்த மாதம் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மண்டபத்து மேனேஜரிடமும் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சந்தில் உள்ள அத்தனை பேரிடமும், இனிமேல் லிஃப்டில் ஏறி இறங்கப் போகிறவள் நான் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலை. பாலக்கரையில் பெண் வீட்டு மாடியில் பந்தல். கார் வந்து எங்கள் வாசலில் நிற்கிறது. தட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். லக்னப் பத்திரிகை வந்துவிட்டதா என்று மகனைக் கேட்டேன். அவன் யாருடனோ போனில் பேசிக்கொண்டே, பீரோ மேல் கவரில் இருக்கிறது என்று கை காட்டினான். பீரோ மேல் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. திறந்து பார்த்தேன். கெட்டிக் காகிதம். தலைப்பில் அரசாங்க முத்திரை. கீழே அச்சடித்த எழுத்து. எழுத்துக் கூட்டினேன். என் மகன் பெயர், அவன் அப்பா பெயர். அடுத்து அந்தப் பெண்ணின் பெயர், அவள் அப்பா பெயர். ஜோசியர் வெள்ளைத் தாளில் கிறுக்கித் தருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்த எனக்கு, இந்தக் காலத்தில் இதையும் இவ்வளவு சிறப்பாக அச்சடிக்கிறார்களே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

மஞ்சள் தடவ ஒரு சுமங்கலியைக் கூப்பிடட்டுமா என்று அண்ணி கேட்டாள். இல்லாவிட்டால் நானே தடவுகிறேன் என்று கையை நீட்டினாள். என் மகனுக்கு நான் தடவாமல் யார் தடவுவது என்று சொல்லி, அந்தத் தாளை அவள் கையில் கொடுக்காமல் என் பக்கமாக இழுத்துக்கொண்டேன். அண்ணி பத்தாவது படித்தவள். அன்றைக்கு அவள் கையில் கொடுத்திருந்தால் ஒரு வரி படித்தவுடனே நிறுத்தியிருப்பாள்.

அது என்ன தாள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் தன் பழைய கதையை நினைத்துப் பயந்து, இந்த முறை எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகுதான் கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லியிருக்கிறாள். மகன் சரி என்றிருக்கிறான். இரண்டு பேரும் போனிலேயே ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். வக்கீலம்மா சென்னையில் இருக்கிறார். நேரில் பார்த்ததே இல்லை. பணம் கட்டி, நேரம் குறித்து, வீடியோவில் மூன்று முறை பேசி, இரண்டு முறை திருத்தி, தன் தாயாரும் படிக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதால் தமிழில் அடித்து அனுப்பியிருக்கிறார். மகன் ஜெராக்ஸ் கடையில் பத்திரத்தாளில் அச்செடுத்துக் கையெழுத்துக்காகக் கவரில் வைத்திருந்தான். ஜோசியர் எழுதிய உண்மையான பத்திரிகை அதே பீரோ மேல், அதற்கடியில், இன்னொரு கவரில் இருந்தது.

பாலக்கரை மாடியில் நாற்பது பேர் இருப்பார்கள். தட்டைச் சபையில் வைத்தாயிற்று. பத்திரிகையைப் படிப்பது என் அண்ணன். லால்குடிப் பக்கம் பஞ்சாயத்து ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குளத்து மீன் ஏலமோ கல்யாணப் பத்திரிகையோ, எதைக் கொடுத்தாலும் ஒரே குரலில் கணீரென்று படிப்பார். என்ன படிக்கிறோம் என்று மனதில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம் என்று ஆரம்பித்தார். "இருவரும் முழு மனதோடும் சுயநினைவோடும், எவருடைய வற்புறுத்தலும் இன்றி" என்று வந்தது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டி, "நல்லா எழுதியிருக்காங்க" என்றார்.

பிறகு அண்ணன், "ஒன்று" என்றார். மணமகளின் சம்பளம் அவருடைய கணக்கிலேயே இருக்கும், ஏடிஎம் அட்டையையோ அதன் ரகசிய எண்ணையோ கணவர் வீட்டார் எவரும் கேட்கக் கூடாது. "இரண்டு." மணமகள் தன் தாயாருக்குக் கொடுத்துவரும் பணத்தைத் தொடர்ந்து கொடுப்பார்.

என் மகன் பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"மாமா, குடுங்க. அது வேற பேப்பர்."

அண்ணன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். எனக்கோ அது வேறு தாள் என்று அப்போதும் உறைக்கவில்லை. பெண் வீட்டார் லக்னப் பத்திரிகையிலேயே ஏதோ நிபந்தனைகளைச் சேர்த்திருக்கிறார்கள், மகன் அதை மறைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. நான் மஞ்சள் தடவி வைத்த தாளில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்பதை நாற்பது பேர் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

"பாதியில நிறுத்தாதீங்கண்ணே" என்றேன். "சபையில விரிச்ச பத்திரிகையைப் பாதியில மடிக்கக் கூடாது. முழுக்கப் படிங்க."

இது நான் இருபத்தாறு வருஷமாக எல்லாருக்கும் சொல்லி வந்த விதி. எத்தனையோ கல்யாணத்தில் கரண்ட் போய் இருட்டிலேகூட டார்ச் அடித்துப் படிக்க வைத்திருக்கிறேன். மகன் என் கையைப் பிடித்து, "அம்மா, சொன்னா கேளும்மா" என்றான். நான் கையை உதறினேன். அண்ணன் மேலே படித்தார்.

மூன்று, நகைகள் மணமகளின் லாக்கரிலேயே இருக்கும். நாலு, ஃப்ளாட்டுக் கடனை இருவரும் கட்டுவார்கள், பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் சேர்க்கப்படும். ஐந்து, பிள்ளை பெற்றுக்கொள்வதும் பெற்றுக்கொள்ளாததும் அவர்கள் இருவருடைய முடிவு மட்டுமே. அதைக் கேட்டு யாரோ ஒரு அம்மாள் கடவுளே என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஆறு. மணமகனின் தாயார், தம்பதியர் வசிக்கும் வீட்டில் நிரந்தரமாக வசிக்க மாட்டார். அவர் தற்போது இருக்கும் வாடகை வீட்டிலேயே இருப்பார். அவருடைய வாடகையையும் மருத்துவச் செலவையும் மணமகன் ஏற்றுக்கொள்வார். தாயார் வந்து தங்குவதாக இருந்தால் அதற்கு இருவருடைய முன்சம்மதமும் வேண்டும்."

முன்சம்மதமும் வேண்டும் என்று படித்து முடித்த பிறகுதான் அண்ணனுக்கு அந்தத் தாயார் யார் என்று தெரிந்தது. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது அடைத்துக்கொண்டது. கீழே தெருவில் போகிற ஆட்டோ சத்தம் எங்கோ தொலைவில் கேட்கிற மாதிரி இருந்தது. எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ம். மேல படிங்கண்ணே."

ஏழையும் எட்டையும் அவர் படித்தார். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

அதன் பிறகு மகன் சபையில் கும்பிட்டு, தாள் மாறிவிட்டது என்று சொன்னான். அண்ணன் மகன் மோட்டார் சைக்கிளில் ஸ்ரீரங்கத்துக்கு ஓடி ஜோசியர் எழுதியதைக் கொண்டு வந்தான். அது வரும்வரை எல்லாரும் ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள். வந்ததும் படித்தார்கள். தட்டு மாற்றினோம். பெண்ணின் தாயார் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "மன்னிச்சிருங்க சம்பந்தி, இன்னும் எங்கிட்ட காட்டலை, எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒரு கடுமையான சொல் வரவில்லை என்று எல்லாரும் பாராட்டினார்களாம். வருவதற்கு வாயில் ஏது சொல்?

வீட்டுக்கு வந்தும் நான் பேசவில்லை. மூன்று நாள் சமைத்துப் போட்டேன், பேசவில்லை. மகன் இரண்டு முறை ஆரம்பித்தான். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். எனக்குள் ஒரே நினைப்புதான். நேற்று வந்தவள், இன்னும் கழுத்தில் மஞ்சள் ஏறவில்லை, அதற்குள் என்னை எழுதிவிட்டாள். நாலாம் நாள் காலையில், அந்த வக்கீலை நான் பார்க்க வேண்டும் என்றேன்.

"நேர்ல எல்லாம் பாக்க முடியாதும்மா. வீடியோவுலதான்."

"எதுல வருவாங்களோ அதுல வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் கிடைத்தது. நான் தலை வாரி, மண்டபத்துக்குக் கட்டும் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மகன் போனைத் துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்தான். திரையில் ஒரு கட்டத்துக்குள் வக்கீலம்மா தெரிந்தார். முப்பது வயதுகூட இருக்காது. இன்னொரு கட்டத்தில் பாலக்கரையிலிருந்து அந்தப் பெண். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வக்கீலம்மா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒரு நிமிஷம் என்று எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார். அதைப் பார்த்ததும், கோர்ட்டுக் கறுப்பு அங்கியோடு ஒரு ஆளை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"சொல்லுங்கம்மா" என்றார்.

"என்னை எழுதினது யாரு? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இவர்கள் இருவரும் தன்னுடைய கட்சிக்காரர்கள் என்றும், யார் எதைச் சொன்னார்கள் என்று தான் சொல்லக் கூடாது என்றும், வேண்டுமானால் அவர்களே சொல்லட்டும் என்றும் சொன்னார். நான் அந்தப் பெண் இருந்த கட்டத்தைப் பார்த்தேன்.

"சொல்லும்மா. நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?"

அவள் கண் என்மேல் இல்லை, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன்மேல் இருந்தது. நானும் திரும்பினேன்.

"நான்தாம்மா" என்றான். "ஆறாவது நான் சொன்னது. அவ கேக்கலை."

மாடியில் அத்தனை பேர் முன்னால் கேட்டபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு வந்தது வெளியிலிருந்து வந்த அடி. இது நான் பெற்று, ஊட்டி, காலில் முள் குத்தினால் ஊசியால் எடுத்துவிட்ட பிள்ளையின் குரல். எனக்குப் பக்கத்தில், தோள் உரச உட்கார்ந்துகொண்டு சொல்கிறான்.

அவன் என்னிடம் பேசவில்லை. வக்கீலம்மாவைப் பார்த்துப் பேசினான். அதுதான் அவனுக்குச் சுலபமாக இருந்தது போலும். இதுவரை மூன்று பெண்கள் தட்டிப் போனார்கள் என்றான். முதல் பெண் வீட்டில் ஒற்றைப்படையாக இல்லாமல் எட்டுத் தட்டு வைத்துவிட்டார்கள் என்று நான் காபிகூடக் குடிக்காமல் எழுந்து வந்ததைச் சொன்னான். இரண்டாவது பெண்ணை, நடக்கிறபோது தரை அதிர்கிறது என்று அவள் காது கேட்க நான் சொன்னதைச் சொன்னான். மூன்றாவது பெண் வேலையை விட வேண்டும் என்று அவனைக் கேட்காமலே நான் சொல்லிவிட்டு வந்ததைச் சொன்னான். மூன்றாவது பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்ததாம். எனக்கு அது தெரியாது. ஆறு வருஷமாகத் தெரியாது.

"எங்கம்மா கெட்டவங்க இல்லை மேடம்" என்றான். "ஆனா அவங்க இருக்கிற வீட்டுல வேற யாரும் மூச்சு விட முடியாது. எனக்குப் பழகிப் போச்சு. இவங்களுக்குப் பழக வேணாம்னு பாத்தேன்."

மறுத்துப் பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எட்டுத் தட்டு வைத்தது தப்புதானே என்று மட்டும்தான் மனதில் வந்தது. அதைச் சொன்னால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைக் கேட்டேன். "உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் அத்தை. அவர் எழுதணும்னார். நான் வேணாம்னு சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"எனக்கும் அது நிம்மதியாத்தான் இருந்துச்சு அத்தை."

அவள் அதைப் பணிவாகத்தான் சொன்னாள். பொய் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நான் அன்றைக்குக் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வக்கீலம்மா பொறுமையாக எனக்கு விளக்கினார். கல்யாணத்துக்கு முன்னால் எழுதும் இந்த மாதிரி ஒப்பந்தத்தை நம் நாட்டுக் கோர்ட்டு அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும், அதை முதல் நாளே இவர்களிடமும் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நாளைக்கு ஒரு தகராறு வந்தால், இரண்டு பேரும் தெரிந்து, பேசி, ஒப்புக்கொண்டார்கள் என்று காட்ட உதவும், அவ்வளவுதான். மூன்றாவது ஆள் கையெழுத்துப் போடாத தாள் அந்த ஆளைக் கட்டுப்படுத்தாது. தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையை எந்தத் தாளும் மகனிடமிருந்து எடுத்துவிடவும் முடியாது.

"அப்ப செல்லாத வரியை எதுக்கு எழுதுனீங்க?"

"அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியணும்னு கேட்டாங்கம்மா. உங்களுக்கும் தெரியும்படி உங்ககிட்ட பேசிட்டு எழுதுங்கன்னு சொன்னேன். அதை இவர் செய்யலை."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆறை எடுத்துடுங்க வக்கீலம்மா" என்றேன்.

அவர் இருவரையும் சம்மதமா என்று கேட்டார். அந்தப் பெண் சரி என்றாள். மகன், "எடுத்துட்டா அம்மா வந்துடுவாங்க" என்றான். நான் பக்கத்தில் இருக்கும்போதே, இல்லாதவளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

"வரமாட்டேன்."

"கோபத்துல சொல்றம்மா."

"கோபத்துலதான்டா சொல்றேன். கோபம் போனாலும் வரமாட்டேன். ஆனா வரமாட்டேன்னு நான் சொல்லணும். நீ எழுதக் கூடாது."

வக்கீலம்மா குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கிறது, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். கட்டங்கள் மறைந்து போனில் எங்கள் இருவர் முகமும் ஒரு விநாடி தெரிந்து அணைந்தது. மகன் டப்பாவை அடுக்கில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் வீட்டுக்காரரிடம் போய், காலி செய்யவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. என்னம்மா லிஃப்ட் பழுதாகிப் போச்சா என்று சிரித்தார். ரங்கநாதரை விட்டு வர மனசில்லை என்றேன். சந்தில் எல்லாரிடமும் அதையே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், அல்லது நம்பின மாதிரி இருந்தார்கள். என் அண்ணி வாயிலிருந்து பாலக்கரைக் கதை அதற்குள் இங்கே வந்து சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா. மண்டபத்தில் என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த முகூர்த்த நாளன்று போய் நின்றேன். மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் புதிதாக அச்செடுத்த தாளோடு மகன் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தான். சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணனும் பெண்ணின் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். எனக்கு முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் கண்ணாடியை எடுத்தார். வேண்டாம், அவளே படிக்கட்டும் என்றேன். எனக்குப் படிக்க வராது என்று அப்போதுதான் முதல்முறையாக என் வாயால் சொன்னேன். அந்தப் பெண் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

ஐந்து வரை பழையதுதான். ஆறில், சண்டை வந்தால் யாரிடமும் போவதற்கு முன்னால் ஒரு மாதம் இருவரும் தங்களுக்குள் பேசிப் பார்ப்பது என்று இருந்தது. அது முன்னே ஏழாக இருந்ததாம். ஏழில், பிரிய நேர்ந்தால் யார் எதை எடுத்துக்கொள்வது. பிறகு தேதி, இடம், சாட்சிகள். தாளை மடியில் வைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான் அத்தை."

நான் கேட்டபடிதான் செய்திருந்தார்கள். எந்த வரியிலும் நான் இல்லை. வரக் கூடாது என்றும் இல்லை, வரலாம் என்றும் இல்லை. வாடகை, மருந்து, ஒன்றும் இல்லை. மணமகனின் தாயார் என்ற சொல்லே அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் கிடையாது. இவர்கள் வீடு, சம்பளம், நகை, பிள்ளை, சண்டை என்று ஒரு முழு வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டார்கள். அதில் நான் என்று ஒருத்தி பிறந்த அடையாளமே இல்லை. அன்றைக்கு என்னை எழுதிவிட்டார்களே என்று அதிர்ந்தவள், இப்போது எழுதவில்லையே என்று அதைவிட அதிகமாக அதிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடம் சொல்வது? எடு என்று சொன்னவளே நான்தானே.

மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றான்.

"ஒண்ணுமில்லை. போடுங்க கையெழுத்தை."

அவர்கள் போட்டார்கள். சாட்சிகள் போட்டார்கள். எல்லாருக்கும் காபி கலக்கிறேன் என்று எழுந்து சமையலறைக்கு வந்தேன். பால் பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"அத்தை, அடுப்பு எரியலை."

"தெரியும்" என்றேன்.